தோல்வியறியாத ஒரு பருவம்: பஃபலோ உள்ளரங்க லக்றோஸ் அணியும் அதன் முன்வரலாறும்

1993 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், நியூயோர்க் மாநிலத்தின் மேற்கெல்லையில் அமைந்த பஃபலோ நகரம் பெரும் ஏமாற்றத்தில் ஆழ்ந்திருந்தது. அந்நகரின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியான பில்ஸ், ஜனவரி 31 ஆம் திகதி நடைபெற்ற இறுதிப் போட்டியில் டலஸ் அணியிடம் 52–17 என்ற கணக்கிற் படுதோல்வி கண்டது. தொடர்ந்து மூன்றாவது ஆண்டாக இறுதிப் போட்டிவரை சென்று தோற்றிருந்தது அவ்வணி. உருக்காலைகள் மூடப்பட்டு, 1950இல் 580,132 ஆக இருந்த மக்கட்டொகை 1990இல் 328,123 ஆகக் குறைந்துவிட்ட ஒரு நகருக்கு இத்தகைய தோல்வி வெறும் விளையாட்டுச் செய்தியாக இருக்க முடியாது. அதே குளிர்காலத்தில், அதே நகரின் வேறோர் அணி ஆடிய ஆட்டம் அனைத்திலும் வெற்றிபெற்றது. பஃபலோ பண்டிற்ஸ் என்ற அவ்வணி ஆடியது உள்ளரங்க லக்றோஸ் ஆகும்.

அவ்வெற்றியை நகரின் ஆறுதலாக மட்டும் நோக்குவது போதாது. அந்த அணியிற் கனடாவின் வெள்ளையர்களும், நயாகராவை அடுத்த டஸ்கரோரா குடியினரும் ஒரே சீருடையில் ஆடினர். லக்றோஸின் நூறாண்டு வரலாற்றை அறிந்தோருக்கு இச்சேர்க்கை சாதாரணமானதன்று. ஆட்டத்தைத் தோற்றுவித்த மக்கள், அந்த ஆட்டத்திலிருந்தே சட்டப்படி விலக்கப்பட்டிருந்தனர் என்பதே இதன் பின்னணி.

வலை பின்னிய தடியினாற் பந்தை ஏந்தி, எறிந்து, எதிரணியின் கோலுக்குள் செலுத்தும் இவ்வாட்டம் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிகளில் வாழ்ந்த பல ஆதிக்குடிகளிடையே வழங்கிற்று. பிரெஞ்சுச் சமயத் தூதர்கள் 1630களிலேயே இதைப்பற்றி எழுதியுள்ளனர். இரோகுவாய் என ஐரோப்பியர் அழைத்த ஹோடெனோசோனி கூட்டமைப்பினரிடையே அது ஒரு பொழுதுபோக்கு மட்டுமன்று. நோயுற்றோர் நலம்பெறவும், படைத்தவனை மகிழ்விக்கவும் ஆடப்பட்ட சடங்காகவும் அமைந்தது. இன்றும் அவர்கள் அதனை மருந்து ஆட்டம் என்றே குறிப்பிடுவர்.

இதனை நவீன விளையாட்டாக மாற்றியவர் மொன்றியல் நகரின் பல்வைத்தியரான வில்லியம் ஜோர்ஜ் பியர்ஸ். ஆடுகளத்தின் அளவு, ஆட்டக்காரர் தொகை, தவறுகள் ஆகியவற்றை வரையறுத்து 1867இல் வெளியான விதிகள் அவருடையவை. கனடா கூட்டரசாக உருவாகிய அதே ஆண்டில், புதிய நாட்டுக்குத் தேசிய விளையாட்டு இதுவே என அவர் ஓயாது பிரசாரஞ் செய்தார். நாடாளுமன்றம் அவ்வாறு அன்றே சட்டமியற்றியதெனப் பல நூல்கள் கூறியபோதும் அதற்குச் சான்று இல்லை; அச்சட்டம் 1994இலேயே இயற்றப்பட்டது. பிரசாரத்தின் வலிமையை அறிய இது ஒன்றே போதும்.

இந்த விதிகளினுள்ளே ஒரு முரண் இருந்தது. முன்கூட்டிய இணக்கமின்றி வெள்ளையரின் கழகத்திற்காக ஆதிக்குடியினர் எவரும் ஆடலாகாது என விதியொன்று கூறிற்று. ஆயினும், 1876இலும் 1883இலும் பியர்ஸ் பிரித்தானியாவுக்குச் சென்றபோது கானவாகே மோகாக் ஆட்டக்காரரை உடனழைத்துச் சென்றார். விக்டோரியா மகாராணியின் முன்னிலையில் அவர்கள் மரபுடையணிந்து ஆடவேண்டியிருந்தது. 1883 ஆம் ஆண்டுப் பயணத்திற் கனடாவிற் குடியேறுமாறு அழைக்கும் பிரசுரங்களும் விநியோகிக்கப்பட்டன. எவர் நிலத்திற் குடியேற்றம் நிகழ இருந்ததோ, அவர்களே அந்த விளம்பரத்தின் காட்சிப்பொருளாயினர். 1880இல் கனடாவின் தேசியச் சங்கம் வேதனமின்றி ஆடுவோருக்கே சம்பியன் போட்டி எனத் தீர்மானித்தது. பயணச் செலவுக்காகப் பணம் பெற்றுவந்த ஆதிக்குடி அணிகள் இதனாற் 'தொழில்முறையாளர்' என முத்திரை குத்தப்பட்டு வெளியேற்றப்பட்டன. வறுமை இங்கே ஒழுக்கக் குறைவாக மாற்றி எழுதப்பட்டது எனலாம்.

அடைக்கப்பட்ட வாயில் வேறொரு பக்கத்தால் திறந்தது. கோடைகாலத்திற் பனித்தள ஹொக்கி அரங்குகள் வெறுமையாகக் கிடந்தமை மொன்றியலின் ஹொக்கி அணி உரிமையாளர்களான ஜோசப் கற்றரினிச், லியோ டண்டுராண்ட் ஆகியோரை வருத்திற்று. அவ்வரங்குகளினுள் லக்றோஸை ஆடச்செய்தாற் பணம் ஈட்டலாம் என அவர்கள் கருதினர். 1931இல் மொன்றியலின் இரு அணிகளும், ரொறன்ரோ, கோர்ன்வால் அணிகளும் கொண்ட தொழில்முறைச் சங்கம் தொடங்கிற்று. இலாப நோக்கிற் பிறந்த அச்சங்கம் நீடிக்கவில்லை. ஆனால் அதன் ஆட்டமுறை நிலைத்தது. ஏறத்தாழ 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்ட, பலகைச் சுவர் சூழ்ந்த களத்திற் பந்து வெளியே போவதில்லை. சுவரில் மோதித் திரும்பிவிடும். திறந்த வெளியிற் பத்துப்பேர் ஆடும் ஆட்டம் இங்கே கோல் காப்பாளர் உட்பட அறுவரின் ஆட்டமாகச் சுருங்கி, வேகமும் முரட்டுத்தன்மையும் பெற்றது. சில ஆண்டுகளுக்குள் கனடாவிற் பழைய வெளிக்கள ஆட்டத்தை இது பெரும்பாலும் அகற்றிவிட்டது.

பெரிய புற்றரையோ செல்வந்தக் கழகமோ வேண்டாத இந்தப் 'பெட்டி ஆட்டம்' ஆதிக்குடிக் குடியிருப்புகளில் விரைந்து வேரூன்றிற்று. ஒன்ராறியோவின் ஆறு தேசங்கள் குடியிருப்பிற் பிறந்த ஹரி சிமித் என்ற மோகாக் இளைஞர் 1930களில் றொச்செஸ்ரர் முதலிய நகரங்களில் இவ்வாட்டத்தினாற் புகழ்பெற்றார். பிற்காலத்திற் ஜே சில்வர்ஹீல்ஸ் என்ற பெயரிற் தொலைக்காட்சியில் டொன்ரோவாக நடித்தவர் இவரே. தடிகளைச் செய்வதும் அவர்களின் கைத்தொழிலாக இருந்தது. உலகின் மரத்தடிகளிற் பெரும்பங்கை வழங்கிய கோர்ன்வால் தீவுத் தொழிற்சாலை 1968இல் தீக்கிரையாகியது. ஈராண்டுகளில் பிளாஸ்டிக் தடி சந்தைக்கு வந்தது.

உள்ளரங்க ஆட்டத்தை மீண்டும் வணிகமாக்க 1974இல் நடந்த முயற்சி இரு பருவங்களுடன் முடிந்தது. 1987இல் ஐக்கிய அமெரிக்காவின் கிழக்குக் கரையில் நான்கு அணிகளுடன் உருவான சங்கமே நிலைபெற்றது. அணிகள் யாவும் சங்கத்திற்கே சொந்தமாயிருந்தன. ஆட்டக்காரர் கிழமை நாட்களில் வேறு தொழில் பார்த்து, வார இறுதியில் ஆடினர். அவர்களிற் பெரும்பாலார் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வெளிக்கள லக்றோஸ் பயின்றவர்கள்.

1992இற் சேர்ந்த பஃபலோ அணி இங்கேதான் வேறுபட்டது. நயாகரா ஆற்றைக் கடந்தால் ஒன்ராறியோ; சிறுவயது முதல் பலகைச் சுவர்களுக்குள்ளே ஆடி வளர்ந்தோர் அங்கே நிறைந்திருந்தனர். லெஸ் பார்ட்லியின் பயிற்றுவிப்பில் அவர்களைக் கொண்டே அணி அமைக்கப்பட்டது. ஜோன் ரவாரெஸ், ஜிம் வெல்ற்மன், டெரெக் கீனன் ஆகியோர் அவ்வாறு வந்தவர்கள். கணித ஆசிரியரான ரவாரெஸ் பின்னர் 2015 வரை இவ்வணிக்கே ஆடினார். ஆற்றின் இக்கரையிலிருந்து வந்தோர் ரிச், டாரிஸ் கில்கோர் என்னும் டஸ்கரோரா சகோதரர்கள். இவர்களது மக்களின் நிலத்தின் ஒரு பகுதியை நயாகரா மின்திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்காக எடுக்கலாமென 1960இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பஃபலோ நகரின் தென்பகுதியே 1838, 1842 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களினாற் செனெக்கா மக்கள் இழந்த நிலத்திற் பரவிய ஒன்றாகும்.

1992இல் தொடக்க ஆட்டங்களிற் சில தோல்விகளைக் கண்டபோதும், அணி பின்னர் தளரவில்லை. இறுதிப் போட்டியில் பிலடெல்பியா அணியை மேலதிக நேரத்தில் 11–10 என வென்றது. 1993 பருவத்தின் எட்டுச் சுற்றாட்டங்களிலும் தோல்வியே இல்லை. வெளிக்களத்திற் பயின்றோர் பந்தைச் சுமந்து நீண்ட தூரம் ஓடவும், பரந்த இடத்தில் எதிரியை விலக்கவும் பழகியவர்கள். பஃபலோ அணியினரோ குறுகிய இடத்தில், உடலை எதிரியின் மேல் சாய்த்து, ஒரு கையின் மறைவிற் பந்தைக் காத்து, கணத்திற் கைமாற்றப் பழகியவர்கள். வலிமையிலன்றிப் பயிற்சியின் தன்மையிலேயே வேறுபாடு இருந்தது. ஹொக்கி ஆடப்பட்ட பழைய நகர மண்டபத்தை, 16,000 பேர் வரை கொள்ளும் அவ்விடத்தை, லக்றோஸ் நிரப்பியமை சங்கத்தின் அமைப்பாளர்கள் எதிர்பார்த்தற்கும் மேலானது.

இறுதிப் போட்டியில் மீண்டும் பிலடெல்பியாவே எதிரணி. மீண்டும் ஒரேயொரு கோல் வேறுபாடு. பஃபலோ 13–12 என வென்றது. பத்து ஆட்டம், பத்து வெற்றி. அச்சங்கத்திலும் அதன் வழிவந்த இன்றைய தேசிய லக்றோஸ் சங்கத்திலும் வேறெந்த அணியும் ஒரு முழுப் பருவத்தைத் தோல்வியின்றி முடித்ததில்லை. 1992 முதல் 1994 வரை நீண்ட இவ்வெற்றித் தொடர் 22 ஆட்டங்களைக் கொண்டது.

பாடத்தை ஏனையோர் விரைந்து கற்றனர். கனடாவிற் பெட்டி ஆட்டம் பயின்ற கெயிற் சகோதரரைச் சேர்த்துக்கொண்ட பிலடெல்பியா, 1994 இறுதிப் போட்டியில் பஃபலோவை 26–15 எனத் தோற்கடித்தது. 1996இல் பஃபலோ மீண்டும் வென்றது; அவ்வாண்டுடன் பழைய மண்டபமும் மூடப்பட்டு, 2009இல் இடிக்கப்பட்டது. அடுத்த வெற்றிக்கு நகரம் 2008 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்பருவத்தில் அணியின் தலைமைப் பயிற்றுநராக இருந்தவர் டாரிஸ் கில்கோர். 1992இன் முதலாட்டம் முதல் அவ்வணியில் இருந்துவந்த அவரது சகோதரர் ரிச், அப்போதும் களத்தில் ஆடிக்கொண்டிருந்தார்.