ஊசித்தட்டான்

குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனாரின் தலைவன் ஒரு தும்பியைக் கூப்பிட்டு, நீ அறிந்த பூக்களில் இவள் கூந்தலைப் போல மணப்பது உண்டா என்று கேட்கிறான். பூப்பூவாகத் தேன் தேடும் அந்தத் தும்பி வண்டினம். நாம் இன்று தும்பி என்று காட்டும் நீரோரப் பூச்சி தேன் பக்கமே போகாது. கொசுவையும் சிற்றீயையும் பறந்து பிடித்துத் தின்னும் வேட்டைக்காரன். கன்னடத்தில் தும்பி இன்னமும் வண்டுதான், தெலுங்கின் தும்மெதவும் அதுவே. மலையாளத்திலோ அந்தச் சொல் கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் பெயராக நிலைத்துவிட்டது. தமிழ் அகராதிகள் இரண்டு பொருளையும் அருகருகே வைத்திருக்கின்றன. போதாததற்கு யானையும் உண்டு.

தட்டான் என்ற பெயர் பேச்சுக்கு நெருக்கமானது. தட்டி வேலை செய்பவர் என்பதால் பொற்கொல்லருக்கும் அதே பெயர். பூச்சிக்கு அது வந்த வழி வேறு என்றே எனக்குப் படுகிறது. குளத்தின் மேல் பறந்துகொண்டே வால்நுனியால் நீரைத் தட்டித் தட்டி முட்டையிடும் வகைகள் நம் ஊர்களில் ஏராளம். கரையில் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் அந்தத் தட்டல்தான் முதலில் கண்ணில் படும்.

ஊசித்தட்டான் அப்படித் தட்டுவதில்லை. மெலிந்த உடலைப் பார்த்து வைத்த பெயர்தான் ஊசி. ஆனால் பெண்பூச்சியின் வால்முனைக்கு அடியில் உண்மையாகவே ஒரு குத்தூசி இருக்கிறது. அதனால் நீர்ச்செடியின் தண்டையோ இலையையோ துளைத்து முட்டையை உள்ளே செருகும். மஞ்சள் வயிறும் பச்சை படர்ந்த மார்பும் கொண்ட செரியாக்ரியான் கோரமண்டலியானம் என்ற ஊசித்தட்டான் முட்டையிடுவதைப் பாருங்கள். மிதக்கும் இலையில் பெண் வயிற்றை வளைத்து ஊன்றியிருக்கும். ஆண் தன் வால்நுனிக் கொக்கிகளால் அதன் கழுத்துப் பகுதியைப் பற்றியபடி, கால் எதிலும் படாமல், நட்டுவைத்த குச்சிபோல் செங்குத்தாக நிற்கும். ஊசி என்று பெயர் வைத்தவர்கள் அந்தக் குத்தூசியைக் கவனித்தார்களோ இல்லையோ, பெயர் பொருந்திவிட்டது.

ஐரோப்பியர் இந்த உடலில் இளம்பெண்ணைக் கண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களின் ‘தெமுவாசெல்’ அதுதான். பெல்ஜிய அறிஞர் செலி லோன்ஷான் 1854இல் ஊசித்தட்டான்களின் உட்பிரிவுக்கு வைத்த ‘ஸைகாப்டிரா’ என்ற பெயர் சிறகைப் பார்த்து வைத்தது. முன்சிறகும் பின்சிறகும் ஒரே வடிவில் இருப்பதால், நுகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை எடுத்தார்.

படம் எடுப்பவருக்கு உதவுவது நம் ஊசிதான், ஏனென்றால் இனத்தைச் சொல்லும் அடையாளங்கள் பெரும்பாலும் அதன் முனையில் இருக்கின்றன. வயிறு பத்துக் கண்டங்களால் ஆனது. எட்டாவதில் மட்டும் நீலமா, ஒன்பதிலும் ஏறியிருக்கிறதா என்பதே சில வேளை முடிவைச் சொல்லிவிடும். அதிலும் தீராவிட்டால் ஆணின் கொக்கிகளைப் பார்க்க வேண்டும். இனத்துக்கு இனம் அவற்றின் வடிவம் வேறு. மேக்ரோ லென்ஸில் ஃபோகஸ் ஆழம் மில்லிமீட்டர் கணக்கில்தான் கிடைக்கும். கேமரா கொஞ்சம் சாய்ந்தாலும் கண் தெளிவாக விழுந்து வால் மங்கிவிடும், அழகான படம் அடையாளத்துக்கு உதவாமல் போகும். ஆகவே பக்கவாட்டில், உடலின் முழு நீளமும் லென்ஸிலிருந்து ஒரே தொலைவில் இருக்கும்படி அமர வேண்டும். அடுத்து மேலிருந்து ஒன்று, வால்நுனியை மட்டும் நெருங்கி ஒன்று. விடியற்காலையில் உடல் சூடேறாமல் அவை அசையாதிருக்கும் நேரம் இதற்கு ஏற்றது. பெண்ணை மட்டும் எடுத்தவர் பெயர் சொல்ல அவசரப்படக் கூடாது: இஸ்க்னூரா என்ற பேரினத்தின் இனங்கள் சிலவற்றில் ஆணின் நிறத்திலேயே பெண் உண்டு, வயது ஏற ஏற நிறம் மாறும் பெண்ணும் உண்டு.

முன்பு பார்த்த மஞ்சள் வயிற்றுச் செரியாக்ரியானுக்கு 1798இல் அறிவியல் பெயர் தந்தவர் டென்மார்க்கின் ஃபாப்ரீசியஸ். கோரமண்டல் கரையிலுள்ள தரங்கம்பாடி அப்போது டேனியர் கையில் இருந்தது. கோரமண்டல் என்பது சோழமண்டலத்தின் ஐரோப்பிய உச்சரிப்பு. நம் கடற்கரையின் பெயர் லத்தீன் விகுதியோடு ஒரு பூச்சிமேல் ஏறியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதைச் சதுப்புநில எறியீட்டி என்ற பொருளில் அழைக்கிறார்கள். தமிழில் தனிப்பெயர் வேண்டுமென்றால், ‘சோழமண்டல மஞ்சள் ஊசி’ என்பதே என் பரிந்துரை. பெண்ணின் உடல் மங்கலான பழுப்பு மஞ்சள்; அதற்கும் இந்தப் பெயர் ஒத்துப்போகும்.