ஒரு 'தவிர'வின் கதை

ஃபிலடெல்ஃபியாவின் சென்ட்ரல் உயர்நிலைப் பள்ளியில் படித்தவரிடம் "எந்த வருஷம் முடிச்சீங்க?" என்று கேட்டால், வருஷத்துக்குப் பதில் ஒரு எண்ணைச் சொல்வார். முதலில் படிப்பை முடித்து வெளியேறிய வகுப்பு 1. அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டே வருகிறார்கள். ஒரு காலத்தில் வருஷத்துக்கு இரண்டு வகுப்புகள் முடித்து வெளியேறின, அதனால் ஆண்டை வைத்து அடையாளம் சொல்ல முடியாது. பிற்பாடு அது ஒன்றாகக் குறைந்தபோதும் எண்ணும் வழக்கம் நிலைத்துவிட்டது. இப்போது கணக்கு 280ஐத் தாண்டிவிட்டது.

இந்தப் பள்ளி எதற்காகத் தொடங்கப்பட்டது என்பது முக்கியம். அதற்கு முன் அந்நகரில் இலவசப் பள்ளி என்றால் ஏழைப் பிள்ளைகளுக்கான தர்மப் பள்ளி. வசதியுள்ளவர்கள் அந்தப் பக்கமே போகமாட்டார்கள். 1836இல் வந்த சட்டம் அந்த முத்திரையை நீக்கி, பொதுப் பள்ளிகளை எல்லாருக்கும் திறந்துவிட்டது. அவற்றுக்கெல்லாம் உச்சியாக ஓர் உயர்நிலைப் பள்ளி தொடங்கவும் அதே சட்டம் வழிசெய்தது. 1838இல் வகுப்புகள் ஆரம்பித்தன. அடுத்த ஆண்டு தலைமைக்கு வந்தவர் அலெக்சாண்டர் டல்லாஸ் பேச் என்ற இயற்பியலாளர், பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் கொள்ளுப்பேரன். பள்ளிக்கென்று ஒரு வானாய்வகம்கூட இருந்தது. 1849இல் மாநிலச் சட்டமன்றம் பட்டம் வழங்கும் உரிமையையே கொடுத்தது. குறிப்பிட்ட தகுதியை எட்டுகிறவர்களுக்கு இன்றைக்கும் அங்கே பி.ஏ. பட்டம் உண்டு. தலைமையாசிரியருக்கு 'பிரெசிடென்ட்' என்றுதான் பெயர், கல்லூரி மாதிரி.

ஓவியர் தாமஸ் ஈகின்ஸ், தத்துவவாதி அலைன் லாக், மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி எல்லாம் இங்கே படித்தவர்கள். அகமதாபாத் ஐஐஎம்-இன் செங்கல் வளைவுகளைப் பார்த்திருப்பீர்கள். அதை வடிவமைத்த லூயி கான் படித்ததும் இங்கேதான்.

சரி, 'எல்லாருக்கும்' என்று சொன்னார்களே, அந்த எல்லாரில் பெண்கள் இல்லை. அவர்களுக்கு 1848இல் தனிப் பள்ளி வந்தது. ஆசிரியப் பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கி, 'கேர்ள்ஸ் ஹை'யாக வளர்ந்து, அதுவும் நல்ல பெயர் எடுத்தது. நூறு வருஷத்துக்கும் மேல் யாரும் பெரிதாகக் கேள்வி கேட்கவில்லை.

1970களில் சூசன் வோர்ச்ஹைமர் என்ற மாணவி கேட்டார். நல்ல மதிப்பெண் வாங்கியவர். சென்ட்ரலில் சேர விரும்பினார். பெண் என்பதைத் தவிர மறுக்க வேறு காரணம் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் அவர் ஜெயித்தார். 1976இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது. இரண்டு பள்ளிகளும் தரத்தில் ஒப்பானவை, எதிலும் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை, அப்புறம் எங்கே பாகுபாடு என்பது அதன் வாதம். அந்தத் தீர்ப்பிலேயே ஒரு சிறு விலக்கும் உண்டு: வசதிகள் ஒப்பானவை, அறிவியல் துறை தவிர, அதில் சென்ட்ரலே மேல்.

பொறியியல் படித்தவனாக எனக்கு அந்தத் 'தவிர' தொண்டையில் முள்ளாகக் குத்துகிறது. சோதனை அறிக்கையில் "எல்லாம் சரி, ஒன்றைத் தவிர" என்று இருந்தால் முதலில் அந்த ஒன்றைத்தான் பார்ப்போம். அறிவியல் படிக்க ஆசைப்படும் பெண்ணுக்கு அந்த ஒரு சொல்லில்தான் வாழ்க்கை இருக்கிறது.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஒரு நீதிபதி பங்கேற்கவில்லை. 1977இல் நாலுக்கு நாலு என்று சமனாகி, கீழ்த்தீர்ப்பே நிலைத்தது. கதவு மூடியே கிடந்தது.

அடுத்த முறை கேட்டவர்கள் கேர்ள்ஸ் ஹையிலேயே படித்த மூன்று மாணவிகள். இந்தத் தடவை மாநில நீதிமன்றம். நீதிபதி வில்லியம் மருடானி, ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வம்சத்தைக் காரணம் காட்டி அமெரிக்க அரசு முகாமில் அடைத்தவர்களில் அவரும் ஒருவர். கலப்புத் திருமணத் தடையை வீழ்த்திய 1967ஆம் ஆண்டு லவ்விங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தில் ஜப்பானிய அமெரிக்கர் அமைப்பின் சார்பில் வாதாடியவரும்கூட. 'உங்களுக்குத் தனி இடம்' என்பதன் பொருளை அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இரு பள்ளிகளும் சமமில்லை, ஆண்களை மட்டும் சேர்ப்பது அரசமைப்புக்கு விரோதம் என்று 1983இல் தீர்ப்பளித்தார். கல்வி வாரியம் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த செப்டம்பரில் ஆறு பெண்கள் இறுதியாண்டில் சேர்ந்தார்கள்.

மரபு அழிந்துவிடும் என்று பயந்தவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்களைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. நூற்றைம்பது வருஷப் பழக்கம் கண்முன்னால் மாறும்போது யாருக்கும் வலிக்கும். ஆனால் எது தூண், எது வெறும் தடுப்புச்சுவர் என்பது இடித்த பிறகுதான் சிலருக்குத் தெரிகிறது. பட்டம் இருக்கிறது, பிரெசிடென்ட் இருக்கிறார், எண்ணும் இருக்கிறது. போனது சுவர் மட்டும்தான்.

யார் உள்ளே வரலாம் என்ற கேள்வி அதோடு முடியவும் இல்லை. 2021இல் அந்நகரம் தகுதியுள்ள மாணவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும் மறுபடி சண்டை வந்தது. பொதுப் பள்ளி என்று பெயர் வைத்தால் 'பொது'வுக்கு அவ்வப்போது கணக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பெண்கள் வந்ததற்காக எண்ணிக்கையை யாரும் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பிக்கவில்லை. அந்த ஆறு பேரின் வகுப்புக்கும், முந்தைய வகுப்புக்கு அடுத்த எண்தான்.