கார்க் கதவும் 300 வருடக் கதையும்

போன வருடம் ஜனவரியில் மகள் வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தோம். மினியாபொலிஸ். வெளியே மைனஸ் 18 டிகிரி. குளிரைப் பற்றி எல்லோரும் முன்கூட்டியே பயமுறுத்தியிருந்தார்கள், அதனால் அது பெரிதாகத் தெரியவில்லை. யாரும் சொல்லாதது இன்னொன்று. காரை விட்டு இறங்கி, கதவைச் சாத்தக் கை வைத்தால் சுருக்கென்று ஒரு ஷாக். இருட்டில் இறங்கினால் விரல் நுனியில் நீலமாய் ஒரு பொறிகூடத் தெரிந்தது.

என் மனைவி இரண்டாம் நாளே காரைத் தொடுவதை நிறுத்திவிட்டாள். கதவை இடுப்பால் தள்ளிச் சாத்துவாள். "கரண்ட் ஆபீஸ்ல 34 வருஷம் இருந்தீங்களே, இதுக்கு ஒரு வழி சொல்லுங்களேன்" என்றாள். நான் இருந்தது கணக்குப் பிரிவு என்பது அவளுக்கும் தெரியும்.

ஒருநாள் பெட்ரோல் பங்கில் நின்றோம். அங்கே நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். மாப்பிள்ளை குழாயைச் செருகி, கொக்கியை மாட்டிவிட்டு, பால் வாங்கக் கடைக்குள் போனார். நான் குளிர் தாங்காமல் காருக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். சற்று நேரத்தில் 'டக்' என்று குழாய் நின்ற சத்தம் கேட்டது. உதவி செய்யலாமே என்று இறங்கி, நேரே குழாயை எடுக்கப் போனேன். கடை வாசலிலிருந்தே "மாமா, தொடாதீங்க!" என்று கத்தினார் மாப்பிள்ளை. அதிர்ந்து பேசாத மனிதர் அவர். எனக்குக் கொஞ்சம் முகம் சுண்டிவிட்டது. பிறகு பம்பின் மேல் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார்: பெட்ரோல் நிரம்பும்போது திரும்பக் காருக்குள் ஏறாதீர்கள் என்று எழுதியிருந்தது.

அது ஏன் என்று தெரிந்துகொள்ள, பக்கத்து நூலகத்தில் நாலைந்து நாள் உட்கார்ந்தேன். போன இடத்தில் வேறொரு ஆள் அகப்பட்டார். பெயர் ஸ்டீபன் கிரே.

அம்பர் என்கிற பிசின் கல்லைத் தேய்த்தால் தூசு துரும்பை இழுக்கும் என்பது பழைய கிரேக்கர்களுக்கே தெரியும். அம்பருக்கு அவர்கள் மொழியில் எலெக்ட்ரான் என்று பெயர். எலிசபெத் ராணியின் வைத்தியர் வில்லியம் கில்பர்ட் 1600-இல் எழுதிய நூலில் அதை வைத்துத்தான் புதுச்சொல் ஒன்றை உண்டாக்கினார். அதிலிருந்து வந்ததே எலெக்ட்ரிசிட்டி. ஆனால் இந்த இழுப்பு ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு ஓடும் என்று கண்டுபிடித்தவர் கிரே.

அவர் பேராசிரியர் இல்லை. கேன்டர்பரியில் சாயம் போடும் தொழில் செய்தவர். வயதாகி, வருமானமும் போய், லண்டனில் சார்ட்டர்ஹவுஸ் என்ற முதியோர் இல்லத்தில் இருந்தார். 1729-இல் அங்கே தன் அறையில் ஒரு கண்ணாடிக் குழாயைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவருக்கு வயது 62. (நம்மில் பலருக்கு அந்த வயதில் பேப்பர் படித்தாலே தூக்கம் வருகிறது.) குழாயில் இருந்த சக்தி, அதை அடைத்திருந்த தக்கைக்கும் போனது, தக்கையில் கட்டிய சணல் கயிற்றுக்கும் போனது. வீலர் என்ற நண்பரின் கிராமத்து வீட்டில் கயிற்றைப் பட்டு நூலால் தாங்கி நீளமாய்க் கட்டினார்கள். பாரம் தாங்காமல் பட்டு அறுந்தது. பித்தளைக் கம்பியால் தாங்கினார்கள். சக்தி முழுவதும் காணாமல் போயிற்று. கம்பி கடத்திவிடும், பட்டு கடத்தாது என்பது இப்படித்தான் தெரிந்தது. கடைசியில் கயிறு 600 அடிக்கு மேல் போனது.

அடுத்த வருடம், 1730 ஏப்ரலில், கயிற்றுக்குப் பதில் ஒரு சிறுவன். சுமார் 21 கிலோ எடை. மின்சாரம் கடத்தாத கயிறுகளில் அவனைக் குப்புறப் படுத்தவாக்கில் தொங்கவிட்டு, தேய்த்த குழாயை அவன் காலருகே கொண்டுபோனார் கிரே. அவன் முகத்துக்கு நேரே வைத்திருந்த பித்தளைத் தகட்டுத் துணுக்குகள் துள்ளி எழுந்தன. மனித உடம்பும் மின்சாரத்தை ஏந்தி வைத்திருக்கும் பாத்திரம் என்பது அன்று நிரூபணமானது.

இதைக் கேள்விப்பட்ட பிரெஞ்சுக்காரர் தூஃபே தன்னையே பட்டுக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டார். உதவியாளர் நொல்லே அவரைத் தொடக் கையை நீட்டியதும் படீரென்று ஒரு பொறி. இருவருக்குமே ஊசி குத்தினாற்போல் சுருக்கென்றது. இதைப் படித்ததும் நூலகத்திலேயே சிரித்துவிட்டேன். மினியாபொலிஸ் கார்க் கதவு இதேதான்.

பிறகு அந்த நொல்லே பெரிய ஆளாகிவிட்டார். 1746-இல் ஹாலந்தின் லைடன் நகரத்தில் முஷென்புரூக், தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் புட்டியில் மின்சாரத்தைச் சேர்த்துவைத்து, தெரியாமல் தொட்டு ஆடிப்போனார். பிரெஞ்சு ராஜ்ஜியத்தையே கொடுத்தாலும் இன்னொரு தரம் தொடமாட்டேன் என்று பாரிஸுக்குக் கடிதம் எழுதினார். நொல்லே அந்தப் புட்டியை வைத்து, ராஜா முன்னிலையில் கைகோத்து நின்ற 180 வீரர்களை ஒரே சமயத்தில் துள்ள வைத்தார். ராஜாவுக்கு ஏகக் குஷியாம். துள்ளியவர்களைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இனி காருக்கு வருகிறேன். நான் நினைத்துக்கொண்டிருந்தது, ஓடுகிற கார் காற்றில் உரசி மின்சாரம் சேர்க்கிறது, அதுதான் நம்மை அடிக்கிறது என்று. பெரும்பாலும் அப்படி இல்லை. 1910-களிலிருந்து டயர் ரப்பரில் கரிப்பொடி சேர்க்கிறார்கள். தேயாமல் உழைக்கத்தான் சேர்த்தார்கள், ஆனால் அது காரில் சேரும் மின்சாரத்தையும் தரைக்கு இறக்கிவிடுகிறது. 1992 வாக்கில் பெட்ரோல் மிச்சம் பிடிக்கிற சிலிக்கா டயர்கள் வந்தபோது இந்த வழி அடைபடப் பார்த்தது. அதற்காக டயரின் நடுவே கரிரப்பர் பட்டை ஒன்றை ஓடவிட்டார்கள். நம் ஊர் டேங்கர் லாரிகளின் பின்னால் சங்கிலி தரையில் உரசிக்கொண்டு போனதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே வேலைக்குத்தான்.

மின்சாரம் சேர்வது நம் உடம்பில். சீட்டுத் துணியும் நம் உடுப்பும் ஒட்டியிருக்கும்வரை தெரியாது. எழுந்திருக்கும்போது இரண்டும் பிரிகின்றன, ஆளுக்குப் பாதியாக. சீட்டின் பங்கு சீட்டில், நம் பங்கு நம்மேல். காலில் ரப்பர் அடி வைத்த பூட்ஸ் இருப்பதால் அது தரைக்கும் இறங்காது. கிரே தொங்கவிட்ட பையன்தான் நாம், பூட்ஸ்தான் அந்தக் கயிறு. 10,000 வோல்ட்டுக்கு மேல்கூடப் போகுமாம். அளவு மிகக் குறைவு என்பதால் சுருக்கோடு முடிந்துவிடுகிறது. நம் ஊரில் காற்றிலுள்ள ஈரம் எல்லாவற்றிலும் மெல்லிசாகப் படிந்து, சேரச் சேரக் கசியவிட்டுவிடும். அங்கே குளிர்காலத்தில் காற்று அப்பளம் மாதிரி உலர்ந்து கிடக்கிறது.

நமக்கு வெறும் சுருக்கு. பெட்ரோல் ஆவிக்கு அதில் பத்தில் ஒரு பங்கு போதும், பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் பெட்ரோலியம் எக்விப்மென்ட் இன்ஸ்டிட்யூட் என்ற அமைப்பு இப்படிப் பங்குகளில் பிடித்த தீயைப் பற்றி 150-க்கும் மேல் தகவல் சேகரித்தது. செல்போனால்தான் தீப்பிடிக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது. விசாரித்துப் பார்த்ததில், நிறையப் பேர் நிரம்பும்போது காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்பி வந்து, வேறெதையும் தொடாமல் நேரே குழாயைப் பிடித்தவர்கள். நான் செய்யப்போனது அட்சரம் பிசகாமல் அதுவே. அன்று இரவு மாப்பிள்ளையிடம் சொன்னேன். "விடுங்க மாமா" என்றார். பின் சீட்டில் பேத்தி இருந்தாள் என்பதை இருவருமே பேசவில்லை.

மனைவிக்கான வழியும் கிடைத்தது. சீட்டிலிருந்து எழுவதற்கு முன்பே கதவின் இரும்புப் பகுதியைப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்காமல் இறங்கி நிற்க வேண்டும். சேரச் சேர அது கை வழியாக வடிந்துவிடும், சுருக்கு இல்லை. மறந்து இறங்கிவிட்டால் சாவியின் நுனியால் கதவைத் தொடலாம், பொறி சாவியோடு போய்விடும். முதலில் நம்பவில்லை. என்னைப் பத்துத் தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் செய்தாள்.

ஊருக்கு வந்து எட்டு மாதமாகிறது. இப்போதும் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, காலைத் தரையில் ஊன்றி நின்ற பிறகுதான் விடுகிறாள். எங்கள் தெரு ஆட்டோக்காரர், "அம்மாவுக்கு முழங்கால் வலியா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.