மண்ணெண்ணெயில் ஓடிய ஊர்திகள்: தடைக்கால யாழ்ப்பாணத்தின் தொழினுட்ப வரலாறு பற்றிய ஒரு நோக்கு

தொழினுட்ப வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் புதியன கண்டுபிடித்தோரையே மையமாகக் கொள்வர். ஒரு பொறி எந்த ஆண்டில், எவரால் ஆக்கப்பட்டது என்பதே அவ்வரலாற்றின் முதன்மை வினாவாக அமைகின்றது. அப்பொறி பழையதாகிய பின்னர் அதனைப் பயன்படுத்தியோர் யாவர், எந்நிலையில் அதனை மாற்றியமைத்தனர் என்னும் வினாக்கள் அருகியே எழுப்பப்படுகின்றன. 1990ஆம் ஆண்டு முதல் 1995ஆம் ஆண்டு வரையிலான யாழ்ப்பாணக் குடாநாட்டின் அனுபவம் இக்குறையை நன்கு உணர்த்துவதாகும். பெற்றோல் இல்லாத நிலையில் பழைய கார்களும் லொறிகளும் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டமை எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து, வடபகுதிக்கு எடுத்துச் செல்லப்படும் பொருள்கள் மீது அரசு விரிவான தடைகளை விதித்தது. பெற்றோலும் டீசலும் அத்தடைக்குள் அடங்கின. குடாநாட்டுக்கான மின்விநியோகம் நின்றது. ஆனையிறவு ஊடான தரைவழிப் போக்குவரத்தும் தடைப்பட்டது. மண்ணெண்ணெய் மாத்திரம் கட்டுப்பாடுகளுடனும் உயர்ந்த விலையிலும் கிடைத்து வந்தது. எனவே, விளக்கெரிப்பதற்கும் நீரிறைப்பதற்கும் உரிய எரிபொருளே ஊர்திகளுக்கும் உரியதாயிற்று. போத்தலின் அடியில் சிறிது பஞ்சையும் மண்ணெண்ணெயையும் இட்டு ஏற்றிய சிக்கன விளக்கை அக்காலத்தின் சின்னமாகப் பலரும் குறிப்பிடுவர். வீதியில் வெண்புகை கக்கிச் சென்ற பழைய ஒஸ்ரின் காரும் அத்தகைய சின்னங்களுள் ஒன்றே.

பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் ஏன் ஒவ்வாது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். பெற்றோல் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் காற்றுடன் கலப்பது. மண்ணெண்ணெயோ ஏறத்தாழ 150 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பநிலையிலேயே கொதிக்கத் தொடங்குகின்றது. ஆகவே, குளிர்ந்த எஞ்சினில் அது துளிகளாகவே உருளையைச் சென்றடையும். தீப்பொறி அதனை எளிதிற் பற்றவைக்காது. இரண்டாவதாக, மண்ணெண்ணெயின் ஒக்ரேன் பெறுமானம் பெற்றோலினதைவிட மிகக் குறைவாகும். இதனால் அமுக்கம் மிகுந்த எஞ்சினில் கலவை ஒழுங்காக எரியாது சடுதியாக வெடித்து, தொழிலாளர் ‘இடித்தல்’ எனக் கூறும் ஓசையை எழுப்பும். நீடித்த இடித்தல் பிஸ்ரனைச் சிதைக்க வல்லது.

இவ்விரு தடைகளுக்கும் கராச்சுகளில் கண்ட பரிகாரம் எளிமையானது. எஞ்சினைச் சிறிதளவு பெற்றோலில் தொடக்கி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதே அதன் அடிப்படை. சிறு போத்தல் ஒன்றிலிருந்து மெல்லிய குழாய் வழியாகப் பெற்றோலைக் கார்பரேற்றருக்குச் செலுத்துவது ஒரு முறை. கார்பரேற்றரின் வாயிற் சில துளிகளை நேரடியாக விட்டுத் தொடக்குவது மற்றொரு முறை. சூடேறிய எஞ்சினின் வெப்பம் மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவிற்று. இடித்தலைத் தணிக்கத் தீப்பொறி எழும் நேரத்தைச் சற்றுப் பிந்தச் செய்யலாம். அதனால் எஞ்சினின் வலு குறையுமாயினும் ஊர்தி ஓடும். வழியில் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டால் மீண்டும் பெற்றோல் தேவைப்பட்டது. ஆகவே, கைவசமிருந்த ஒரு போத்தல் பெற்றோல் எத்தனை முறை எஞ்சினைத் தொடக்கப் போதும் என்பதே ஒரு பயணத்தின் எல்லையை வரையறுத்தது எனலாம்.

இம்முறை யாழ்ப்பாணத்தில் முதன்முதலாகத் தோன்றியதன்று. 1917இல் உற்பத்தி தொடங்கிய போர்ட்சன் உழவு இயந்திரம் பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டிருந்தது. பிரித்தானியாவில், பெற்றோல் மீதான வரியைத் தவிர்க்கும் பொருட்டு, மண்ணெண்ணெயை ஒத்த எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரங்கள் பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தன. 1949 அளவில் பெர்கசன் நிறுவனமும் அத்தகைய மாதிரியை வெளியிட்டது. குடாநாட்டுத் தோட்டங்களிற் பரவலாகப் பயன்பட்ட நீரிறைக்கும் இயந்திரங்களும் இவ்வகையினவே. சிறிய பெற்றோற் கலமும் பெரிய மண்ணெண்ணெய்க் கலமும் ஒருங்கே கொண்ட அவ்வியந்திரத்தைத் தொடக்கி, சூடேறியதும் திருகியை மாற்றும் செய்கையை வெங்காயமும் மிளகாயும் பயிரிட்ட விவசாயி நன்கறிந்திருந்தார். கரையோர மீனவரும் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களைக் கையாண்டு பழகியவர்கள். எனவே, வீதிக்கு வந்த உத்தி கிணற்றடியிலும் கடற்கரையிலும் முன்னரே நிலைபெற்றிருந்த அறிவின் நீட்சி எனக் கருத இடமுண்டு.

அவ்வறிவை ஏற்கத்தக்க ஊர்திகளும் கைவசம் இருந்தமை மற்றொரு காரணமாகும். 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் முதலிய பழைய பிரித்தானியக் கார்கள் கழிக்கப்படாமல், பல தடவை பழுதுபார்க்கப்பட்டு நிலைத்தன. உதிரிப்பாகம் கிடைக்காதவிடத்துக் கடைச்சற் பட்டறையில் அதனைச் செய்வித்துப் பொருத்தும் பழக்கமும் வேரூன்றிற்று. 1952இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் காரின் அமுக்க விகிதம் 7.2க்கு 1 ஆகும். 1977இன் பின்னர் திறந்த பொருளாதாரத்துடன் பெருகிய யப்பானிய ஊர்திகளுட் பலவற்றில் இவ்விகிதம் 9க்கு 1 என்னும் அளவை எட்டியிருந்தது. குறைந்த அமுக்கமுள்ள பழைய எஞ்சினே தரங்குறைந்த எரிபொருளைத் தாங்கவல்லது. நாகரிகம் குன்றியதெனக் கொட்டிலில் ஒதுக்கப்பட்ட கார், அக்குறைபாடு காரணமாகவே மீண்டும் வீதிக்கு வந்தது.

டீசல் லொறிகளின் சிக்கல் வேறு வகையானது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அமுக்கத்தால் எழும் வெப்பமே எரிபொருளைப் பற்றவைக்கின்றது. ஆகவே மண்ணெண்ணெயில் அது பெரும்பாலும் இயங்கும். ஆயின், எரிபொருளைச் செலுத்தும் பம்பியின் நுண்ணிய பாகங்களுக்கு டீசலே மசகாகவும் பயன்படுகின்றது. மண்ணெண்ணெயின் மசகுத்தன்மை குறைவாதலால் பம்பி விரைவில் தேயும். மண்ணெண்ணெயுடன் சிறிதளவு எண்ணெயைக் கலப்பது இதற்குத் தொழிலாளர் அறிந்த பரிகாரமாகும்.

இவற்றை மதிநுட்பத்தின் வெற்றியாக மாத்திரம் போற்றுவது வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் உருளைச் சுவர் வழியே வடிந்து மசகெண்ணெயிற் கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும், தாங்கிகள் தேயும், பிளக்குகளிற் கரி படியும். சூடான எஞ்சினின் அருகே திறந்த போத்தலிற் பெற்றோலைக் கையாள்வது தீவிபத்துக்கு இடமளிப்பது. நோயாளியையோ பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ ஏற்றிச் செல்லும் ஊர்தி இடைவழியில் நின்றால், அதன் விலையை இயந்திரக் கணக்கிற் காட்டவியலாது. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர நேர்ந்தபோது, மிகப் பெரும்பாலோர் கால்நடையாகவும் சைக்கிளிலுமே சென்றனர் என்பதும் மனங்கொள்ளத்தக்கது. கராச்சின் கைத்திறன் தடையின் கடுமையைச் சற்றுத் தணித்ததேயன்றி அதனை நீக்கவில்லை.

இம்முடிவை 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியுடன் ஒப்பிடுதல் பயனுடையது. அவ்வாண்டில் இலங்கை முழுவதும் பெற்றோலுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஆனால் மண்ணெண்ணெயும் அப்போது அரிதாயிற்று. ஓகஸ்ட் மாதத்தில் அதன் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வீதியிலிருந்த கார்களுட் பெரும்பாலானவை இலத்திரனியல் முறையால் எரிபொருள் செலுத்தப்படுவன. கார்பரேற்றர் அற்ற அவற்றில் போத்தலும் குழாயும் கொண்டு செய்யத்தக்கது மிகச் சிலவே. கிடைக்கத்தக்க மாற்று எரிபொருள், கையால் மாற்றியமைக்கத்தக்க இயந்திரம், பயின்ற கை என்னும் மூன்றும் ஒருங்கே அமைந்தாலன்றி இத்தகைய தழுவல் நிகழாது என்பதை இவ்வொப்பீடு உணர்த்துகின்றது.

இம்மூன்றனுள் பயின்ற கையே ஏட்டில் இடம்பெறாதது. தடைக்காலத்துப் போர் நிகழ்ச்சிகளும் அரசியற் பேச்சுகளும் திகதியுடன் பதியப்பட்டுள்ளன. எந்த எஞ்சினுக்குத் தீப்பொறியை எவ்வளவு பிந்தச் செய்வது, எவ்வளவு சூடேறிய பின்னர் எரிபொருளை மாற்றுவது என்னும் அறிவோ செவியாலும் விரல்நுனியாலும் பெறப்பட்டு, அவ்வாறே பேணப்பட்டது. அதனை உடையோர் பலர் முதுமையடைந்துவிட்டனர். புலம்பெயர்ந்தோரும் மறைந்தோரும் உளர். அவர்தம் வாய்மொழிகளைத் திரட்டுவதும், எஞ்சியுள்ள ஊர்திகளையும் கருவிகளையும் ஆவணப்படுத்துவதும் நமது வரலாற்று மாணவரும் பொறியியல் மாணவரும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும். அப்பணி தாமதிக்குமாயின், ஒரு சமூகம் ஐந்தாண்டுகள் எவ்வாறு அசைந்தியங்கிற்று என்னும் வினாவுக்கு விடையளிக்க வல்லவர் எவரும் எஞ்சார்.