கரியில் ஓடிய பஸ்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோ காடு?

இன்னைக்கு எபிசோடு, பெட்ரோல் இல்லாம ஓடின வண்டிகளைப் பத்தி. எலக்ட்ரிக் வண்டி கதைன்னு நினைச்சுடாதீங்க. இது 80 வருஷத்துக்கு முந்தின கதை. இரண்டாம் உலகப் போர் நேரத்துல நம்ம ஊர் பஸ்களோட பின்பக்கத்துல பெரிய இரும்பு டிரம் ஒண்ணு மாட்டியிருக்கும். அதுக்குள்ள அடுப்புக்கரி கனன்றுகிட்டே இருக்கும். அந்தக் கரியிலிருந்து வர்ற வாயுவைக் குடிச்சுத்தான் இன்ஜின் ஓடும். 'கரி பஸ்', 'கரி கேஸ் வண்டி'ன்னு சொல்வாங்க. உங்க வீட்டுல 90 வயசைத் தாண்டின தாத்தா, பாட்டி யாராவது இருந்தா கேட்டுப் பாருங்க. சிரிச்சுக்கிட்டே ஒரு கதையாவது சொல்வாங்க.

இன்னைக்கும் விறகை எரிச்சு கார் ஓட்டுறவங்க உலகம் பூரா இருக்காங்க. பழைய டிரம், இரும்புக் குழாய், வெல்டிங் மெஷின் இருந்தா வீட்டுலயே செஞ்சிடலாம். வீடியோவுக்கு 'இலவச எரிபொருள்'னு தலைப்பும் வைப்பாங்க. இன்ஜினியரிங் படிச்சவன்ங்கிற முறையில எனக்கு அந்தத் தலைப்பு மேலதான் சந்தேகம். உண்மையிலேயே அது இலவசமா? அந்தக் கேள்விக்கு 1940களின் கரி பஸ்தான் நல்ல பதில் வெச்சிருக்கு. கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு ரூட் வேணும். நான் எடுத்துக்கிட்டது திருநெல்வேலி - பாபநாசம். ஏன் அந்த ரூட்டுங்கிறது கடைசியில புரியும்.

பெட்ரோல் ஏன் காணாமப் போச்சு?

அன்றைய இந்தியாவில் அஸ்ஸாமின் திக்பாய் மாதிரி சில இடங்களில்தான் எண்ணெய் எடுத்தாங்க. மிச்சத்துக்கு பர்மாவையும் பாரசீகத்தையும் நம்பியிருந்தோம். போர் தொடங்கினதும் கப்பல்கள் ராணுவத்துக்குப் போயின. 1941-லேயே பெட்ரோலுக்கு ரேஷன் வந்துவிட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. ஏப்ரலில், பின்வாங்கிய பிரிட்டிஷ்காரங்க யெனாஞ்சாங் எண்ணெய் வயல்களைத் தாங்களே அழிச்சாங்க. எதிரிக்குக் கிடைக்கக் கூடாதுன்னு செஞ்சது, நமக்கும் கிடைக்காமப் போச்சு. அதுக்கு முன்னாடியே, பிப்ரவரியில், சிங்கப்பூர் விழுந்திருந்தது. மலேயா ரப்பரும் அதோட போனது. ஆக, ஒரு பஸ் முதலாளியோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க. பெட்ரோலும் இல்லை, டயரும் இல்லை. ஆனா ஜனங்க சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்த்தானே ஆகணும்?

இந்த இடத்தில் ஒரு திருநெல்வேலிக்காரர் வர்றார். பாபநாசத்துக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் திருக்குறுங்குடின்னு ஒரு ஊர். 1877-ல் அங்கே பிறந்தவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். ஆமா, டி.வி.எஸ். கம்பெனியின் அதே டி.வி.எஸ்.தான். வக்கீல், ரயில்வே, பேங்க்னு வேலை பார்த்துட்டு, 1912 வாக்கில் பஸ் ஓட்டும் தொழிலுக்கு வந்தவர். பிறகு மதுரையை மையமா வெச்சு பெரிய மோட்டார் நிறுவனத்தை வளர்த்தார். போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது அவங்க நிறுவனம் 'டி.வி.எஸ். கேஸ் பிளான்ட்'னு ஒரு கருவியை வடிவமைச்சுத் தயாரிச்சது. தேய்ஞ்ச டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிலிலும் இறங்கினாங்க. பஸ் முதலாளியோட ரெண்டு தலைவலிக்கும் ஒரே கம்பெனி மருந்து வெச்சிருந்தது.

இந்த நுட்பம் நம்ம ஊர்ல பிறந்தது இல்லை. பிரான்ஸின் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் இம்பெர்ட் 1920களிலேயே விறகில் ஓடும் வண்டிக்கு நல்ல வடிவம் கொடுத்திருந்தார். போரின்போது ஸ்வீடனில் மட்டும் சுமார் 70,000 வண்டிகள் இப்படி ஓடின. ஜெர்மனியில் அது லட்சக்கணக்கு. ஜப்பானில் கரி பஸ் ஓடியது. லண்டனில் பஸ்ஸுக்குப் பின்னால் டிரெய்லர் மாதிரி உலையைக் கட்டி இழுத்தாங்க.

டிரம்முக்குள் என்ன நடக்குது?

கரி நல்லா எரிஞ்சா கார்பன் டை ஆக்சைடு வரும். அது மறுபடி எரியாது. ஆனா காற்றை அளவா விட்டு, அந்த வாயுவைச் செக்கச் செவேல்னு கனன்றுகிட்டிருக்கும் கரிப் படுகை வழியாவே இழுத்தா, அது கார்பன் மோனாக்சைடா மாறும். இது எரியும். கொஞ்சம் நீராவியும் சேர்ந்தா ஹைட்ரஜனும் கிடைக்கும். இந்தக் கலவையைக் குழாய்களில் ஓடவிட்டு ஆறவெச்சு, சாம்பலை வடிகட்டி, காற்றோட கலந்து இன்ஜினுக்குள் விட்டா போதும். ஸ்பார்க் பிளக் மிச்ச வேலையைப் பார்த்துக்கும்.

சிக்கல் எங்கேன்னா, உள்ளே விட்ட காற்றில் முக்கால்வாசிக்கு மேல் நைட்ரஜன். அது எரியாது, ஆனா கூடவே வரும். கடைசியில் கிடைக்கும் வாயுவில் ஏறக்குறைய பாதி நைட்ரஜன்தான். நம்ம பாஷையில் சொன்னா, அனுப்புற ஒவ்வொரு பாக்கெட்லயும் பாதி வெறும் பேடிங். சிலிண்டரோட அளவு மாறாது. அதனால் பெட்ரோலில் ஓடின அதே இன்ஜின் கரி வாயுவில் 40 சதவீதம் வரைக்கும் பலம் இழக்கும். ஏத்தம் வந்தா ஆளுங்க இறங்கித் தள்ளணும்னு பெரியவங்க சொல்ற கதை மிகை இல்லை, வெறும் இயற்பியல்.

பஸ் கிளம்பணும்னா...

இப்ப ஒரு காலை நேரத்தைக் கற்பனை பண்ணிக்கோங்க. முதல் டிரிப். கிளீனர் பையன் எல்லாருக்கும் முன்னாடி வந்துடுவான். நேத்து சாம்பலைத் தட்டி வெளியே எடுக்கணும். கரியைச் சின்னச் சின்னத் துண்டா உடைக்கணும், தூளைச் சலிச்சு ஒதுக்கணும். தூள் போனா காற்று அடைச்சுக்கும். கரியைக் கொட்டி, தீ மூட்டி, ஊதுகாற்றாடியின் ஹேண்டிலைச் சுத்த ஆரம்பிக்கணும். பட்டறையில் துருத்தி ஊதுற மாதிரிதான். பத்து நிமிஷம், கால் மணி நேரம் சுத்தின பிறகு வெளியே வர்ற வாயுவைப் பத்தவெச்சுப் பார்ப்பாங்க. சுடர் நின்னு எரிஞ்சா வாயு தயார். அப்புறம்தான் டிரைவர் இன்ஜினைக் கிளப்புவார். ஓட ஆரம்பிச்சா, இன்ஜினே காற்றை இழுத்து உலையைக் காப்பாத்திக்கும். வழியில் ரொம்ப நேரம் நின்னா நெருப்பு அடங்கும். மறுபடி ஹேண்டில்.

வழியில் கரி போடணும்னா டிரம்மோட மூடியைத் திறக்கணும். உள்ளே இருக்கிறது கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம்ம ரத்தத்தில் ஆக்சிஜனைத் தூக்கிப் போற ஹீமோகுளோபினோட அது ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல் இறுக்கமா ஒட்டிக்கும். முதல்ல தலைவலி, அப்புறம் கிறுகிறுப்பு, அப்புறம் மயக்கம். ஸ்வீடனில் இந்த விஷம் ஏறினவங்களைப் பத்தி டாக்டர்கள் தனியாக எழுதும் அளவுக்கு அது பரவலான நோயா இருந்தது. மூடியைத் திறந்து மூடுற வேலையில் இருந்தது டிக்கெட் வாங்கின பயணி இல்லை, பஸ் முதலாளியும் இல்லை. வண்டியிலேயே குறைஞ்ச சம்பளக்காரன்.

பாபநாசம் கணக்கு

இப்ப ரூட்டுக்கு வருவோம். திருநெல்வேலியில் கிளம்பி சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியா பாபநாசம். ஏறக்குறைய 50 கி.மீ. அன்றைய பெட்ரோல் பஸ் லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்ததுன்னு வெச்சுக்குவோம். இது என் அனுமானம்தான், நீங்க எண்ணை மாத்திப் போட்டும் பார்க்கலாம். ஒரு வழிக்கு பன்னிரண்டரை லிட்டர்.

ஒரு லிட்டர் பெட்ரோலோட வேலையைச் செய்ய சுமார் ஒன்றரை கிலோ கரி வேணும். ஆக 19 கிலோ கரி. கேட்க ரொம்பக் குறைவா இருக்குல்ல? ரெண்டு சின்ன மூட்டை. இங்கேதான் 'இலவசம்'ங்கிற சொல் உடையுது. கரி மரத்தில் காய்க்கிறது இல்லை. விறகை அடுக்கி, மண்ணைப் பூசி, கரிமூட்டம் போட்டு, நாள்கணக்கில் புகையவிட்டு எடுக்கணும். அந்தப் பழைய மண் மூட்டத்தில் 5 கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி கிடைச்சா நல்ல விளைச்சல். அப்போ 19 கிலோ கரி என்பது 95 கிலோ விறகு. போய்வர 190. நாளைக்கு ரெண்டு தடவை போய்வந்தா 380 கிலோ. வருஷத்துக்கு 300 நாள்னு போட்டா, 114 டன். ஒரே ஒரு பஸ்ஸுக்கு.

விறகையே நேரா டிரம்மில் போட்டிருந்தா? லிட்டருக்கு சுமார் 3 கிலோதான். அதே வேலைக்கு வருஷம் 45 டன் போதும். ஆனா விறகில் தார் இருக்கு. அது வாயுவோட போய் வால்வில் பிசினா ஒட்டி இன்ஜினை நிறுத்திடும். அந்தத் தாரையும் உலையிலேயே எரிக்கிற மாதிரி செஞ்சதுதான் இம்பெர்ட்டோட சாமர்த்தியம். அதுக்கு நல்லாக் காய்ஞ்ச, ஒரே அளவாத் துண்டு போட்ட கட்டை வேணும். கரி உலை அதை விட எளிது, எந்த ஒர்க் ஷாப்பிலும் செஞ்சிடலாம். அதனால் நம்ம ஊர்ல பெரும்பாலும் கரிதான். இன்ஜினுக்குப் போக வேண்டிய தாரைக் காட்டிலேயே மூட்டத்துல புகையவிட்டுட்டு வந்தோம். வண்டி சுத்தமா ஓடினது, அந்தப் புகையை வேற ஒருத்தர் சுவாசிச்சதால.

அதே மலை, அதே வருஷங்கள்

பாபநாசத்தை ஏன் எடுத்தேன்னு இப்ப சொல்றேன். அந்த மலை அப்பவே வேற ஒரு பதிலையும் வெச்சிருந்தது. 1885-ல் ஹார்வி சகோதரர்கள் விக்கிரமசிங்கபுரத்தில் பஞ்சாலை தொடங்கியதே தாமிரபரணி விழுகிற வேகத்தை நம்பித்தான். பிறகு 1938-ல் அங்கே நீர்மின் திட்ட வேலை ஆரம்பிச்சது. பெட்ரோல் இல்லாம, டயர் இல்லாம, கரி பஸ் ஓடிக்கிட்டிருந்த அதே போர்க்காலத்தில் அணைக்கட்டு வேலையும் நடந்தது. 1944-ல் பாபநாசம் மின்நிலையம் ஓட ஆரம்பிச்சது.

அதாவது, மலை ரெண்டு விதமா சக்தி கொடுக்கும். ஆத்துத் தண்ணி மழை பெய்யும் வரைக்கும் வந்துகிட்டே இருக்கும். மரத்தை வெட்டினா, வளர்ந்து வரும் வரைக்கும் காத்திருக்கணும். அந்தத் தண்ணியே காட்டை நம்பித்தான் இருக்கு. பஸ்ஸால் அன்னைக்கு மின்சாரத்தைத் தூக்கிட்டுப் போக முடியல, அதனால கரியைத் தூக்கிட்டுப் போச்சு. போர்க்காலத்தில் வேற வழியும் இல்லை. அதை நான் குறை சொல்லல. பஸ் நின்னிருந்தா பல ஊர்கள் தனித்தீவா ஆகியிருக்கும். கையில் கிடைச்ச இரும்பை வெச்சு அதைத் தடுத்தவங்க பெரிய ஆளுங்க.

போர் முடிஞ்சு பெட்ரோல் திரும்பி வந்ததும் கேஸ் பிளான்ட்களைக் கழட்டிப் போட்டாங்க. யாரும் அதைத் தேடி அழுததாத் தெரியல. 1980களில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் இதே அடிப்படையில் புது வடிவங்கள் செஞ்சாங்க. ஆனா அவங்க அதை ஓடும் வண்டியில் மாட்டல. ஒரே இடத்தில் நின்னு மின்சாரம் எடுக்கப் பயன்படுத்தினாங்க. கர்நாடகாவின் ஹொசஹள்ளி கிராமத்தில் 1988 முதல் விறகு வாயு விளக்கு எரிச்சது. சரியான முடிவுன்னு எனக்குத் தோணுது. நின்ன இடத்தில் இருந்தா, எடை பிரச்சினை இல்லை, ஏத்தம் பிரச்சினை இல்லை, எவ்வளவு மரம் நடறோம், எவ்வளவு எரிக்கிறோம்னு கணக்கும் கண்ணுக்கு முன்னாடி இருக்கும். பெட்ரோல் கிடைக்காத வட கொரியாவில் விறகு லாரிகள் இன்னமும் ஓடுது.

வீட்டுல செஞ்சு பார்க்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரே வார்த்தை. திறந்த வெளியில், தெரிஞ்சவங்க கூட இருக்கும்போது மட்டும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டிலோ மூடின ஷெட்டிலோ கூடவே கூடாது. அந்த வாயு எச்சரிக்கை கொடுக்காது.

இலவச எரிபொருள்னு அடுத்த தடவை யாராவது சொன்னா, கரி பஸ்ஸை ஞாபகம் வெச்சுக்கோங்க. எந்த மரம், யாரோட மூட்டம், ஹேண்டிலைச் சுத்துற பையன் யாருன்னு கேளுங்க. எலக்ட்ரிக் பஸ்ஸுக்கும் அதே கேள்விதான். கரண்ட் அனல் மின்நிலையத்திலிருந்து வருதா, கயத்தாறு காற்றாலையிலிருந்து வருதா, இல்லை பாபநாசத்துத் தண்ணியிலிருந்தாங்கிறதைப் பொறுத்து பதில் மாறும்.

உங்க வீட்டுப் பெரியவங்க கரி பஸ்ஸில் போயிருந்தா, அந்தக் கதையை இந்த வாரமே போன்ல ரெக்கார்டு பண்ணி வெச்சுக்கோங்க. அந்த ஹேண்டில் சத்தத்தைக் கேட்டவங்க இன்னும் கொஞ்சம் பேர்தான் இருக்காங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.