கண்டமாலை

கழுத்தில் நெறிகட்டிகள் அடுத்தடுத்துத் திரளும் நோய்க்குப் பழைய பெயர் கண்டமாலை. கண்டம் என்றால் கழுத்து, அதைச் சுற்றிய மாலை என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். ஆயுர்வேதச் சொல் வேறு. அதன் முதலெழுத்து ‘கங்கை’யில் ஒலிக்கும் க, அந்தக் கண்டத்துக்கு வீக்கம், கன்னம் என்று பொருள். கழுத்தைவிட வீக்கமே அங்கே முதன்மை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட, மலையாள எழுத்தில் வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிறது. சித்தூர், கொழிஞ்சாம்பாறை, தேவிகுளம், பீர்மேடு என இரு மொழியும் புழங்கும் பாலக்காடு, இடுக்கி எல்லைகளில் இதைக் கவனிக்கலாம்.

இந்தப் பெயருக்குள் பெரும்பாலும் இருப்பது காசநோய். அதன் கிருமியை 1882இல் ராபர்ட் கோக் அறிவித்தார். ஆனால் தாடையோரம் கட்டி கெட்டியாக இறுகி, பல துளைகளாக உடைந்து, சீழில் மஞ்சள் மணிகள் தென்பட்டால் அது அரிதான ஆக்டினோமைகோசிஸாகவும் இருக்கலாம். கிரேக்கத்தில் ‘கதிர்ப்பூஞ்சை நோய்’. 1877இல் மாட்டுத் தாடையில் கண்ட கிருமிக்கு வைத்த பெயரிலிருந்து வந்தது. கிருமி பாக்டீரியா என்று தெளிந்த பிறகும் பெயர் மாறவில்லை. மனிதரைத் தாக்கும் வகை நம் வாயிலேயே வாழ்கிறது. சொத்தைப் பல், பல் பிடுங்கிய புண் வழியே உள்ளிறங்கும், பிறருக்குத் தொற்றாது.

காசநோய்க்குக் குறைந்தது 6 மாதக் கூட்டு மருந்து, அரசு மருத்துவமனைகளில் இலவசம். மற்றதற்கு மாதக்கணக்கில் பெனிசிலின். கட்டியிலிருந்து சதையோ சீழோ எடுத்துச் சோதித்தால்தான் எது என்று தெரியும்.