இரவு தங்கும் விருந்தினரும் தேசவழமையும்

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் சிலவற்றில், மணமுறிவுத் தீர்ப்போடு ஒரு நிபந்தனையையும் சேர்த்து எழுதுவது நெடுங்கால வழக்கம். பிள்ளைகள் வீட்டிலிருக்கும் இரவுகளில், மணமாகாத துணை எவரும் அங்கே தங்கக் கூடாது என்பதே அது. டெக்சாஸிலும் டென்னசியிலும் வழக்கறிஞர்களுக்கு இது பழகிப்போன வாசகம். இலினோய் மாநில உச்ச நீதிமன்றம் 1979இல் இதற்கும் ஒரு படி மேலே சென்றது. மணவிலக்குப் பெற்ற தாயொருத்தியின் வீட்டில் அவளுடைய நண்பர் குடிவந்தார் என்பதற்காக, மூன்று பெண்பிள்ளைகளின் பராமரிப்பைத் தகப்பனிடம் ஒப்படைத்த உத்தரவை அது உறுதிசெய்தது. பிள்ளைகளை அவள் கவனிக்காமல் விட்டாள் என்பதல்ல அங்கே குற்றச்சாட்டு.

அங்கு வாழும் தீவகத்து நண்பர் ஒருவர் இதைப் பற்றி எழுதி, "எங்கள் ஊரில் இப்படியொரு கூத்து உண்டா?" என்று கேட்டிருந்தார். இந்த வடிவத்தில் இல்லைதான். ஆனால் தாயோ தகப்பனோ தனித்துப்போன வீட்டுக்குள் புதிதாக ஒருவர் வந்தால் பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்விக்கு, ஊர்காவற்றுறையும் நெடுந்தீவும் நயினாதீவும் உள்ளடங்கிய யாழ்ப்பாணப் பிரதேசத்தின் வழக்காறு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதில் சொல்லியிருக்கிறது.

1706இல் ஒல்லாந்த ஆளுநர் சிமன்ஸ், யாழ்ப்பாணத்து வழமைகளைத் திரட்டும்படி பணித்தார். இங்கே 37 ஆண்டுகள் பழகிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் அதை எழுதி முடித்தார். அதன் தமிழாக்கம் பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டு அவர்களது ஒப்புதல் பெறப்பட்டது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியால் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். இதுவே தேசவழமை.

அதில் ஓரிடம் என்னை எப்போதும் நிறுத்தி வாசிக்க வைக்கும். மனைவியை இழந்தவன் மறுமணம் செய்யாதவரை குடும்பச் சொத்து முழுவதும் அவன் கையிலேயே இருக்கும். மறுமணம் செய்ய விரும்பினாலோ, பேரனார், பேர்த்தியார் அல்லது நெருங்கிய உறவினர் பொதுவாகப் பிள்ளைகளைப் பொறுப்பேற்பர். அப்போது, இறந்தவள் கொண்டுவந்த சீதனம் முழுவதையும், முதல் மணக் காலத்துத் தேடிய தேட்டத்தில் பாதியையும் அவன் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

இதன் நுட்பத்தைப் பாருங்கள். மறுமணம் செய்யாதே என்று எவரும் அவனைத் தடுக்கவில்லை. வருகிறவள் நல்லவளா கெட்டவளா என்ற விசாரணையும் இல்லை. வருகிறவள் வரட்டும், பிள்ளையும் பிள்ளையின் காணியும் அம்மம்மா வீட்டுக்குப் போகட்டும் என்று ஊர் கணக்கை நேர் செய்தது. சிற்றன்னையின் கொடுமையைப் பற்றிக் கதை சொல்லிக்கொண்டிருந்த சமூகம், சட்டமென்று வந்தபோது உறுதிக்காணியையே முதலில் பார்த்திருக்கிறது. பெண் பிள்ளைக்கு நாளை சீதனம் வேண்டுமல்லவா?

தகப்பனோடு இருக்க விரும்பிய பிள்ளையை எவரும் கேட்டார்களா என்பது வேறு விடயம். அந்த ஏட்டில் பிள்ளையின் குரல் எங்கும் இல்லை.

காலப்போக்கில் பிள்ளைப் பராமரிப்பு வழக்குகளில் உரோம-டச்சுச் சட்டமே மேலோங்கியது. தகப்பனுக்கே முதலுரிமை. பிள்ளையின் உயிருக்கோ, உடல்நலத்துக்கோ, ஒழுக்கத்துக்கோ ஆபத்து இருந்தால் மட்டுமே அதை மறுக்கலாம் என்றது அச்சட்டம். பின்னர் பிள்ளையின் நலனே பிரதானம் என்ற கொள்கை வலுப்பெற்றது. ஆனாலும் "ஒழுக்கம்" என்ற அந்தச் சொல் சட்டத்தரணிகளின் வாயிலிருந்து இறங்கவே இல்லை. 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் மணவிலக்குக்கு வகுத்த மூன்று காரணங்களில் ஒன்று பிறர்மனைச் சேர்க்கை. சேர்ந்ததாகச் சொல்லப்படுபவரையும் பிரதிவாதியாகச் சேர்க்க வேண்டும் என்றது குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. ஆகவே டெக்சாஸில் தீர்ப்புக்குப் பிறகு வாசலில் மறிக்கப்படும் விருந்தினரை, நம் நாட்டில் வழக்கின் தொடக்கத்திலேயே கூண்டுக்கு அழைத்தார்கள். நீதிமன்றச் செய்திகள் எழுதிய காலத்தில் நான் கேட்ட குறுக்கு விசாரணைகளில், "அவர் எத்தனை மணிக்கு வந்தார், எப்போது போனார்?" என்ற கேள்வி பெரும்பாலும் பெண்ணை நோக்கியே எறியப்பட்டது. ஆணிடம் அவ்வளவு நுணுக்கமாக நேரம் கேட்டதாக நினைவில்லை.

டெக்சாஸ் நிபந்தனையை நெடுந்தீவுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். குறிகட்டுவானிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணிநேரம். மாலைப் படகில் வந்தவர் எவராயினும் விடியும்வரை தீவிலேதான் இருக்க வேண்டும். மருந்து கொண்டுவந்த சகோதரனும், வேலி கட்ட வந்த கூலியாளும் அங்கே இரவு விருந்தினர்தான். கல்வேலிக்கு அப்பால் இருக்கும் அயலட்டைக்கு யார் வந்தார், யார் போனார் என்பது விளக்கு வைக்கும் முன்பே தெரிந்துவிடும். அங்கே அந்த நிபந்தனையை நிறைவேற்ற நீதிமன்றம் எவரையும் அனுப்ப வேண்டியிருக்காது. தனித்து வாழும் பெண் வீட்டில் யார் தங்கலாம் என்பதை அயலட்டை முன்பே தீர்மானித்து வைத்திருக்கும், அதற்கு எதிராக மேன்முறையீடும் கிடையாது.

நண்பருக்கு எழுதிய பதிலில் இன்னொன்றையும் சேர்த்தேன். 1990இல் போர் தீவகத்தை வெறுமையாக்கியபோது, பேரன் பேர்த்தியர் ஒரு நாட்டிலும், பிள்ளைகள் இன்னொரு நாட்டிலுமாகப் பல குடும்பங்கள் சிதறின. தேசவழமை நம்பியிருந்த அந்த அம்மம்மா வீடு இன்று ரொறன்ரோவில் மணம் முறிந்தவர்களுக்குப் பக்கத்து வளவில் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் அங்கே நீதிபதி உட்கார்ந்திருக்கிறார்.